பெடோமீட்டர்: சரியாக எண்ண வைப்பது எப்படி, நெடுநாள் உழைக்க வைப்பது எப்படி

தப்பாகக் காட்டுகிறது என்று ஓரங்கட்டப்படும் பெடோமீட்டர்கள், அதாவது காலடி எண்ணும் கருவிகள், பலவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. மாட்டிய இடம் சரியாக இருக்காது, அல்லது கருவி சாய்ந்து தொங்கும், அல்லது அந்த நடைக்கு அந்த வகைக் கருவி ஒத்துவராது. இந்த மூன்றையும் வீட்டு வாசலிலேயே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். சோதிக்காமல் மாதக்கணக்கில் நடப்பதுதான் வருத்தம். மெதுவாக நடக்கும் வயதானவர் 3,000 காலடி வைத்திருப்பார், கருவியோ அதில் பாதியைத்தான் காட்டும். எவ்வளவு நடந்தும் ஏறவே மாட்டேன் என்கிறதே என்று மனம் விட்டுப்போய் நடையையே நிறுத்திவிடுவார்.

இங்கே பேசப்போவது இடுப்பிலோ பாக்கெட்டிலோ வைக்கிற, பட்டன் பேட்டரியில் ஓடுகிற தனிக் கருவியைப் பற்றி. செல்போனும் காலடியை எண்ணும்தான். ஆனால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நடக்கிற நடை அதன் கணக்கில் வராது.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். "டிக் டிக்" என்று கேட்டால் அது ஸ்பிரிங் வகை. உள்ளே ஒரு சிறு உலோகக் கை, மயிரிழை போன்ற ஸ்பிரிங்கில் படுக்கைவாட்டில் நிற்கிறது. நடக்கும்போது இடுப்பு ஏறி இறங்க, இந்தக் கையும் கீழே போய் மேலே வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மின்தொடர்பு மூடித் திறக்க, எண்ணிக்கை ஒன்று கூடும். யாமாக்ஸ் நிறுவனத்தின் டிஜி-வாக்கர் இந்த வகைதான். கை மேலும் கீழும்தான் ஆடும் என்பதால் கருவி நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் எண்ணிக்கை குறையும், படுக்க வைத்தால் எண்ணாது.

சத்தம் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அது சென்சார் வகை. அசைவை மின்குறியாக மாற்றும் சில்லு ஒன்று உள்ளே இருக்கும். 3டி சென்சார் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் எந்தக் கோணத்தில் இருந்தாலும் எண்ணும், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். தொப்பை உள்ளவர்களுக்கு யோசிக்காமல் இதையே வாங்கலாம். வயிறு பெல்ட்டை முன்பக்கம் சாய்த்துவிடுவதால் ஸ்பிரிங் வகை அவர்களிடம் கணிசமாகக் குறைத்துக் காட்டும்.

சென்சார் வகையில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்ரான் போன்ற கருவிகள் சுமார் 4 வினாடி தொடர்ந்து நடந்த பிறகுதான் எண்ணிக்கையைத் திரையில் ஏற்றும். அந்த 4 வினாடிக் காலடிகளும் பிறகு சேர்ந்துவிடும். ஆனால் ஹாலில் இருந்து அடுப்படிக்கு ஐந்தாறு எட்டு வைத்து நின்றுவிட்டால் அது கணக்கில் ஏறாமலே போகும். தற்செயலான அசைவை எண்ணாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. நாளெல்லாம் வீட்டுவேலை செய்பவருக்கு எண் குறைவாக வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

முதல் அமைப்பு

புதுக் கருவியில் பேட்டரிக்கும் தொடர்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதை இழுத்தால்தான் உயிர் வரும். பிறகு நேரம், எடை, காலடி நீளம் என்று வரிசையாகக் கேட்கும். நேரத்தை அமைக்கும்போது முற்பகலா பிற்பகலா என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். நள்ளிரவில் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பும் கருவியில் இது மாறிவிட்டால், நண்பகல் 12 மணிக்குக் காலை நடையெல்லாம் அழிந்து புது நாள் தொடங்கிவிடும். அளவு சென்டிமீட்டரில் இருக்கிறதா அங்குலத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலடி நீளம் அளப்பது

எண்ணிக்கை மட்டும் போதும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். கிலோமீட்டர் கணக்கு வேண்டும் என்றால் அளந்தே ஆக வேண்டும். உயரத்தை 0.41-ஆல் பெருக்கிக்கொள்ளும் சுருக்குவழி ஒன்று உண்டு. 160 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 66 செ.மீ. வரும். ஆனால் ஒரே உயரமுள்ள இரண்டு பேரின் நடை ஒன்றாக இருப்பதில்லை.

1. மொட்டைமாடியிலோ தெருவிலோ சமதரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.
2. கோட்டுக்கு நாலைந்து எட்டு முன்பிருந்தே நடந்து வாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் எட்டுகள் எப்போதும் குட்டையாக இருக்கும்.
3. குதிகால் கோட்டில் விழும் நொடி பூஜ்யம். அங்கிருந்து 20 காலடி எண்ணி, இருபதாவது காலடியின் குதிகால் விழுந்த இடத்தில் அடையாளம் போடுங்கள்.
4. டேப்பால் அளந்து 20-ஆல் வகுங்கள். 12.6 மீட்டர் வந்தால் காலடி நீளம் 63 செ.மீ.
5. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

வழக்கமாகப் போட்டு நடக்கும் செருப்பு அல்லது ஷூவுடனேயே அளக்க வேண்டும். கோட்டைப் பார்த்ததும் எட்டி வைப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம், வேண்டுமென்றே பேசிக்கொண்டு நடந்தால் அது போய்விடும். 65-க்குப் பதில் 70 என்று பதிந்தால் 8,000 காலடிக்கு 5.2 கி.மீ. என்பது 5.6 கி.மீ. ஆகிவிடும். தூரம் சரியாக இரட்டிப்பாகவோ பாதியாகவோ வந்தால், கருவி கேட்பது ஒரு காலடியையா, ஒரே கால் மறுபடி விழும் இரண்டு காலடியையா என்று கையேட்டைப் பாருங்கள்.

எங்கே மாட்டுவது: 100 காலடிச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். முழங்காலின் நடுவிலிருந்து நேர்மேலே போனால் பெல்ட்டைத் தொடும் இடம்தான் தொடங்க வேண்டிய இடம். அங்கே கருவியை நெட்டாக மாட்டி, பூஜ்யமாக்கி, வாய்விட்டு எண்ணிக்கொண்டு 100 காலடி வழக்கமான வேகத்தில் நடந்து நில்லுங்கள். திரைக்கு மூடியுள்ள கருவியில் அதைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஓரிரண்டு கூடிவிடும், ஆகவே மெல்லத் திறக்க வேண்டும்.

97-லிருந்து 103-க்குள் காட்டினால் இடம் பொருத்தம். ஜப்பானியத் தொழில்தரம் பெடோமீட்டருக்கு அனுமதிப்பதும் இந்த 3 சதவீதப் பிழையைத்தான். 95 முதல் 105 வரை இருந்தாலும் அன்றாட உபயோகத்துக்குப் போதும். குறைந்தால் கருவியை இரண்டு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி நடங்கள். பிறகு இடுப்பெலும்பின் நேர்மேலே, பிறகு மறுபக்க இடுப்பில், தொப்பை இருந்தால் முதுகுப்பக்கம். ஒரு காலை அழுத்தி ஊன்றுபவர்களுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுவேறாகக் காட்டும். எந்த இடத்தில் இரண்டு முறை தொடர்ந்து சரியாக வருகிறதோ அதுவே உங்கள் இடம். அதன்பின் தினமும் அங்கேதான் மாட்ட வேண்டும்.

இதே சோதனையை மெதுநடையிலும் வேகநடையிலும் ஒவ்வொரு முறை செய்துவிடுங்கள். மணிக்கு 3 கி.மீ.க்கும் குறைந்த நடையில் ஸ்பிரிங் வகை பல காலடிகளை விட்டுவிடும், ஏனென்றால் அந்த உலோகக் கையை அசைக்கிற அளவுக்கு இடுப்பு ஏறி இறங்குவதில்லை. காலைத் தேய்த்து நடப்பவர்களுக்கும் ஊன்றுகோல், வாக்கர் பிடிப்பவர்களுக்கும் இடுப்புக் கருவி எதுவானாலும் குறைத்தே சொல்லும். அவர்களுக்குக் காலடியை விட்டுவிட்டு நிமிடக் கணக்கு வைப்பதே நியாயம். கணுக்காலில் கட்டும் வகை கிடைத்தால் அது இன்னும் நன்றாக எண்ணும்.

உடையைப் பொறுத்தும் இடம் மாறும். சேலைக்கு முன்பக்கம் கொசுவம் தள்ளிக்கொண்டு வருவதால் கருவி சாயும். இன்ஸ்கர்ட் நாடாவில் பக்கவாட்டில், இடுப்பெலும்புக்கு மேலே கிளிப்பை மாட்டினால் நிலையாக நிற்கும். நைட்டிக்கும் அதே நாடாதான். வேட்டி, லுங்கியின் மடிப்பில் செருகுவது வேண்டாம், நடக்க நடக்கத் தளர்ந்து கருவி விழும். வேட்டிமேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட் இதற்கு அருமையான இடம். துணி தடிமனாக இருப்பதால் கிளிப் சாயாது, 3டி வகையாக இருந்தால் அதன் பர்ஸிலேயே போட்டுக்கொள்ளலாம். தொளதொளச் சட்டைப் பையும், தோளில் தொங்கும் பையும், கழுத்துக் கயிறும் ஆட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். கயிற்றில்தான் போட முடியும் என்றால் பனியனுக்குள் உடலை ஒட்டிக் கிடக்கும்படி போட்டு, 100 காலடி நடந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கருவியோடு வரும் பாதுகாப்புக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெடோமீட்டர் தொலைவதும் தண்ணீரில் விழுவதும் பெரும்பாலும் கழிவறையில்தான். கயிற்றின் ஒரு முனை கருவியில், மறுமுனை நாடாவிலோ பெல்ட் வளையத்திலோ இருக்கட்டும்.

நடக்காததை எண்ணும்போது

இருசக்கர வண்டியும் குண்டும் குழியுமான சாலையில் ஓடும் பேருந்தும்தான் பெரிய குற்றவாளிகள். வழக்கமாகப் போகும் வழியில் ஒருநாள் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் எண்ணைப் பாருங்கள், எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங் வகையாக இருந்தால் கழற்றிப் பையில் படுக்கவைத்தால் போதும், எண்ணாது. சென்சார் வகையைப் படுக்க வைத்துப் பயனில்லை, கூடிய எண்ணை இரவு கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். கையில் கட்டும் வகை சப்பாத்தி தேய்ப்பதையும் துணி அலசுவதையும் காலடியாக எண்ணக்கூடும். அதே கருவி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டோ டிரெட்மில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டோ நடந்தால் எண்ண மறுக்கும், கை ஆடவில்லை அல்லவா.

எத்தனை காலடி போதும்?

10,000 என்ற எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-ல், ஜப்பானின் யாமாசா நிறுவனம் பத்தாயிரம் காலடியைப் பெயரிலேயே வைத்து ஒரு பெடோமீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண் அங்கிருந்து உலகமெங்கும் பரவிவிட்டது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 ஆன சுமார் 16,700 பெண்களை ஆராய்ந்தபோது, தினமும் 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 வைத்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போய், பிறகு சமநிலைக்கு வந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த கட்டுரையும் 7,000 காலடியையே நல்ல இலக்காகக் காட்டுகிறது. ஆகவே 10,000 எட்டவில்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. 2,500-லிருந்து 4,500-க்குப் போகிறவருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகப் பெரியது.

முதல் வாரம் இலக்கே வேண்டாம். வழக்கம்போல இருந்து, காலை எழுந்ததும் மாட்டி, படுக்கும்முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதினால் அதைவிட நல்ல நோட்டு வேண்டாம். பல கருவிகள் 7 நாள் கணக்கைத்தான் நினைவில் வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றினால் சிலவற்றில் அதுவும் போய்விடும். 10 மணி நேரத்துக்கும் குறைவாக மாட்டியிருந்த நாளைச் சராசரியில் சேர்க்காதீர்கள். வாரச் சராசரி 4,200 என்றால் அடுத்த இரண்டு வாரத்துக்கு இலக்கு 4,700. அது தாராளமாக வந்தால் இன்னொரு 500. பத்து நிமிடச் சுறுசுறுப்பான நடை ஏறக்குறைய 1,000 காலடி தரும் என்பதை வைத்துத் திட்டமிடலாம்.

வேகத்தையும் இதிலேயே பார்க்கலாம். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் நடந்து எத்தனை கூடியது என்று பாருங்கள். 1,000 அல்லது அதற்குமேல் என்றால் நிமிடத்துக்கு 100, நல்ல மிதவேக உடற்பயிற்சி அது. சில ஆம்ரான் மாடல்களில் ஏரோபிக் காலடி என்று தனியாக ஒரு எண் வரும். நிமிடத்துக்கு 60-க்கு மேல், 10 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நடந்தால்தான் அது ஏறும். நாள் முழுதும் நடந்தும் அது பூஜ்யமாக இருந்தால் பழுதென்று நினைக்க வேண்டாம். கலோரி எண் வெறும் மதிப்பீடு, அதை நம்பி ஒரு வடை கூடுதலாகச் சாப்பிடுவது நடந்த பலனைத் தின்றுவிடும்.

இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும்முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்திருந்தால் வலி தெரியாது. நெஞ்சில் இறுக்கம் வந்தால் உடனே நின்றுவிடுங்கள், எண்ணை முடித்துவிட்டு நிற்கலாம் என்று நினைக்கவே கூடாது.

அன்றாடப் பராமரிப்பு

வியர்வை உப்புதான் முதல் எதிரி. கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். அழுக்கேறியிருந்தால் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஆகாது, பிளாஸ்டிக் ஜன்னல் பாலாடை போட்டதுபோல் மங்கிவிடும். கிளிப்பின் கீல் பகுதியில் பவுடரும் தூசியும் அடைந்திருக்கும், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். கிளிப் தளர்ந்தால் எண்ணிக்கையும் தளரும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வண்டி டேங்க் கவரிலும் விட்டுவிடாதீர்கள், திரை கறுத்துப்போகும்.

துணியோடு துவைத்துவிட்டால் பட்டனை அழுத்திப் பார்க்காமல் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளே நீர் இருக்கும்போது மின்சாரம் ஓடினால் தகடு வேகமாக அரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் சோப்புநீரைத் துடைத்து, மூடியைத் திறந்தபடியே காற்றோட்டத்தில் இரண்டு நாள் வையுங்கள். அரிசியில் புதைப்பதால் பெரிய பலன் இல்லை, மாவுத்தூசிதான் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருந்தால் ஒரு டப்பாவில் சேர்த்து மூடிவைக்கலாம்.

பேட்டரி மாற்றுவது

ஸ்பிரிங் வகையில் பெரும்பாலும் 1.5 வோல்ட் எல்ஆர்44, சென்சார் வகையில் 3 வோல்ட் சிஆர்2032. எழுத்து மங்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். எல்ஆர்44-ஐத் தீரும்வரை விட்டுவைத்தால் கசிந்து தொடர்புத் தகட்டில் வெள்ளைப் பூஞ்சை போலப் படியும்.

1. எண்ணையும் காலடி நீளத்தையும் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள்.
2. மூடியின் திருகு மிகச் சிறியது, சரியான முனையுள்ள குட்டி ஸ்குரூடிரைவர் வேண்டும். வெள்ளைத் தட்டின்மேல் வைத்துத் திறந்தால் திருகு தொலையாது.
3. பழைய பேட்டரியை மரக்குச்சியால் நெம்புங்கள். ஊசியால் குத்தினால் தகடு வளையும்.
4. வெள்ளைப் படிவு இருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.
5. புதிய பேட்டரியை விளிம்பில் பிடித்து, + குறி பார்த்து வையுங்கள். பேட்டரியின் தட்டையான பக்கத்தில் விரல்பட்டால் துணியால் துடைத்துவிடுங்கள்.

புது சிஆர்2032 போட்டும் திரை வரவில்லையென்றால் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில நிறுவனங்கள் கசப்புப் பூச்சு பூசுகின்றன, அந்தப் பூச்சே சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுத்துவிடும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகும்.

கழற்றிய பேட்டரியின் இருபக்கமும் செலோடேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாமல் வைத்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பழுதும் காரணமும்

திரை எரிகிறது, எண் ஏறவில்லை: முந்தைய நாள் கணக்கைக் காட்டும் நிலையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் வகையில் கை சிக்கியிருக்கும், பெரும்பாலும் கீழே விழுந்த பிறகு. உள்ளங்கையில் நாலைந்து முறை மெல்லத் தட்டினால் சில நேரம் விடுபடும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியைப் பிடித்து நிரந்தரமாக ஒட்டவைத்துவிடும்.

ஒரு காலடிக்கு இரண்டு ஏறுகிறது: கிளிப் தளர்ச்சி, கயிற்றில் ஊசலாட்டம், அல்லது ஸ்பிரிங்கின் தளர்வு. பழைய மாடல் சிலவற்றில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பு இருக்கும், அதைக் குறைத்து மறுபடி 100 காலடி நடந்து பாருங்கள்.

நடுவில் பூஜ்யமாகிறது: குனியும்போது வயிறு ரீசெட் பட்டனை அழுத்துகிறது, அல்லது குலுங்கும்போது பேட்டரி நொடிநேரம் தொடர்பு விடுகிறது. முன்னதற்கு மூடியுள்ள மாடல்தான் தீர்வு. பின்னதற்குத் தகட்டின் நாக்கை அரை மில்லிமீட்டர் மேலே நிமிர்த்தினால் போதும்.

எண்ணில் கோடுகள் விட்டுப்போய் 8 என்பது 6 போலத் தெரிகிறது: திரையையும் சர்க்யூட் பலகையையும் இணைப்பது கம்பியில்லை, கறுப்புக் கோடுகள் ஓடும் ஒரு ரப்பர் பட்டை. அது சற்று நகர்ந்திருக்கும். திரையின் விளிம்புச் சட்டத்தை விரலால் அழுத்தும்போது எண் முழுதாக வந்தால் காரணம் இதுதான். திறந்து ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பப் பொருத்தலாம், கை நிதானம் வேண்டும். திரையில் மை சிந்தியதுபோல் கறுப்பு பரவியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது, சரிசெய்ய முடியாது.

பழுது தெரியாவிட்டாலும் மாதம் ஒருமுறை 100 காலடிச் சோதனையைச் செய்யுங்கள். ஸ்பிரிங் காலப்போக்கில் தளர்வது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். உங்களுக்கான இடத்திலேயே மாட்டியும், புது பேட்டரி போட்டும், 90-ஐத் தாண்டவில்லை என்றால் வேறு வாங்கும் நேரம் வந்துவிட்டது.

புதுக் கருவிக்கு மாறும்போது பழையது கொஞ்சமாவது எண்ணிக்கொண்டிருந்தால் அதைத் தூர எறிய வேண்டாம். ஒரு வாரம் இரண்டையும் ஒரே இடுப்பில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக மாட்டி, நடுவாரத்தில் பக்கம் மாற்றி, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பழையது சராசரி 6,000, புதியது 6,600 என்று வந்தால், காலண்டரில் உள்ள பழைய எண்களை 1.1-ஆல் பெருக்கிப் புதியவற்றோடு ஒப்பிடலாம். இல்லாவிட்டால் கருவி மாறியதால் கூடிய 600-ஐ நடையில் வந்த முன்னேற்றமாக எண்ணிவிடுவீர்கள்.